வளராத குழந்தையின் தாய்

ஒப்பிலக்கிய வகுப்பில் 'நல்ல நிலம்' என்னும் புதினத்தை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் மாணவர்கள் ஒரு வினாவைத் தவறாமல் எழுப்புவதுண்டு. வாங் லுங் என்னும் சீன உழவனுக்கும் ஓ-லான் என்னும் அவன் மனைவிக்கும் பிறக்கும் மூத்த மகளுக்கு ஆசிரியர் ஏன் ஒரு பெயர்கூட வைக்கவில்லை என்பதே அவ்வினா. பஞ்ச காலத்தில் பிறந்த குழந்தை அவள். பேச்சு வாராதவள். வெயிலில் அமர்ந்து ஒரு துணித் துண்டை முறுக்கிக்கொண்டே காரணமின்றிப் புன்னகைப்பவள். கதை முழுவதும் வருகின்றாள், எதையும் செய்வதில்லை. செல்வம் சேர்ந்து மனம் மாறிய காலத்தும் வாங் லுங் அவளிடத்து வைத்த அன்பு மட்டும் மாறுவதில்லை. தன் இறப்புக்குப் பின் அவளை யார் காப்பார் என்று அஞ்சி, நஞ்சுப் பொட்டலம் ஒன்றை வாங்கித் தன் இளைய துணைவியிடம் தந்து வைக்கின்றான். அந்தப் பெண்ணோ நஞ்சைக் கொடுக்க மாட்டேன், நானே பார்த்துக்கொள்வேன் என்கின்றாள்.

கதைப் போக்கிற்குச் சற்றும் தேவைப்படாத இந்தப் பாத்திரம் ஏன் அதில் இடம்பெற்றது என்பதற்கு விடை நூலில் இல்லை. நூலாசிரியர் பேர்ல் பக் அம்மையாரின் வாழ்வில் இருக்கிறது. அவ்விடையை உலகம் அறிய ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. அதன் மருத்துவக் காரணம் தெளிவாக மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

பேர்ல் 1892ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து ஹில்ஸ்பரோ என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் சீனாவில் கிறித்தவ சமயப் பணி ஆற்றியவர்கள். தாய்நாட்டிற்கு விடுமுறையில் வந்திருந்தபோது பிறந்த குழந்தையைக் கைக்குழந்தையாகவே சீனாவுக்கு எடுத்துச் சென்றனர். அவ்வீட்டில் பிறந்த எழுவருள் வளர்ந்து ஆளானவர் மூவரே. யாங்சி ஆற்றங்கரையில் உள்ள செங்சியாங் நகரில், சீனச் செவிலித்தாயின் மடியில், அவள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பேர்லுக்குச் சீனமும் ஆங்கிலமும் ஒருங்கே வாய்த்தன. கன்பூசிய நூல்களில் வல்ல ஆசிரியர் ஒருவர் வீட்டிற்கே வந்து பாடம் சொன்னார். பின்னர் வர்ஜீனியாவில் மகளிர் கல்லூரி ஒன்றில் பயின்று 1914இல் பட்டம் பெற்றுச் சீனாவுக்கே மீண்டார். 1917இல் ஜான் லாசிங் பக் என்னும் வேளாண் பொருளியல் அறிஞரை மணந்தார். அன்ஹுய் மாநிலத்து வறண்ட சிற்றூர்களில் கணவருடன் சென்று உழவர் குடில்களில் அமர்ந்து பேசிய அந்த ஆண்டுகள்தாம் பின்னாளில் 'நல்ல நிலம்' ஆயின.

1920இல் மகள் பிறந்தாள். கேரல் என்று பெயரிட்டனர். பொன்னிற முடியும் நீலக் கண்களும் உடைய, பார்ப்போர் எல்லாம் அள்ளிக்கொள்ள விரும்பும் குழந்தை. பிறந்த சில காலத்திற்குள் பேர்லின் கருப்பையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டு அறுவை செய்யப்பட்டது. இனி அவருக்கு வேறு மகப்பேறு இல்லை என்றாயிற்று. மறு ஆண்டில் அவருடைய தாயும் மறைந்தார்.

குழந்தையின் உடல் குறையின்றி வளர்ந்தது. ஆயினும் தோலில் ஓயாத சொறிப்புண் இருந்தது. மேனியில் சற்றே புழுங்கிய வாடை வீசியது. நடக்கத் தாமதமாயிற்று. பேச்சோ வரவேயில்லை. பார்வை ஓரிடத்தில் நிலைப்பதில்லை. இருப்புக் கொள்ளாத அலைச்சல். காரணம் விளங்காத அழுகை. சில குழந்தைகள் மெதுவாகத்தான் பேசும் என்று உற்றார் ஆறுதல் கூறினர். தாயும் அதையே நம்ப விரும்பினார். மூன்று வயது கடந்து நான்கை நெருங்கும்போதுதான் அஞ்சத் தொடங்கினார். இத்தகைய குழந்தைகளின் பெற்றோர் எந்நாட்டவராயினும் இந்த வழியாகவே வருகின்றனர் என்பதை நான் கேட்டறிந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு முதலில் ஐயுறுபவள் தாய். அந்த ஐயத்தைக் கடைசியாக ஒப்புக்கொள்பவளும் அவளே.

லாசிங் பக் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றபோது பேர்ல் மகளை மருத்துவர் பலரிடம் காட்டினார். மினசோட்டா மாநிலத்தில் உள்ள புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையிலும் ஆய்வு நடந்தது. உடலில் குறையேதும் இல்லை, மன வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றார் தலைமை மருத்துவர். முன்னேற்றம் இருக்கவே இருக்காதென்று உறுதியாகச் சொல்லவும் இயலாது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சிறு இடைவெளியில் தாயின் மனம் மீண்டும் நம்பிக்கையைப் பற்றிக்கொண்டது. வெளியே வந்தபோது நடைவழியில், ஜெர்மானியர் போன்று பேச்சொலி உடைய மற்றொரு மருத்துவர் அவரை நிறுத்தினார். இக்குழந்தை ஒருநாளும் இயல்பான வளர்ச்சி பெறாது, ஏமாற்றிக்கொள்ள வேண்டாம், இவள் மகிழ்ச்சியாக வாழக்கூடிய ஓர் இடத்தைத் தேடி வைத்துவிட்டு உங்கள் வாழ்வை நடத்துங்கள் என்று கடுமையாகவே கூறிவிட்டுச் சென்றார். அவர் பெயரைக்கூடப் பேர்ல் கேட்டு வைக்கவில்லை. அக்கணம் குருதி வடிய வெட்டுண்டதுபோல் இருந்தாலும், தமக்கு உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் என்று அவரைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவ்வாறு சொல்லும் முறை சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் மங்கலான சொற்களால் ஒரு தாயை ஆண்டுக்கணக்கில் மருத்துவமனை மருத்துவமனையாக அலையவிடுவதும் கருணையாகாது.

அமெரிக்காவில் இருந்த அந்நாள்களிலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஜானிஸ் என்னும் பெண் குழந்தை ஒன்றையும் தத்தெடுத்தார்.

சீனாவுக்கு மீண்டபின் அவர் உணர்ந்த ஒரு வேறுபாடு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சீன மக்கள் கேரலைப் பார்த்தனர், விசாரித்தனர், பின் உள்ளபடியே ஏற்றுக்கொண்டனர். குருடும் முடமும் பித்தும் தெருவில் இயல்பாகத் திரியும் சமூகம் அது. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். மாறாக, சாங்காய் நகரத் தெருவில் நாகரிக உடையணிந்த அவர் நாட்டுப் பெண்கள் இருவர் குழந்தையை உற்றுப் பார்த்துப் பித்துக்குளி என்று தம்முள் இழித்துப் பேசிக்கொண்டு கடந்தனர். அன்று முதல் மகளைப் பிறர் கண்ணிலிருந்து காக்கத் தொடங்கினார் பேர்ல்.

இதைப் படிக்கும்போது என் இளமைக்கால நினைவொன்று எழுகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படியொரு பையன் இருந்தான். மற்ற நாள்களில் வாசல் திண்ணையில் அமர்ந்து போவோர் வருவோரைப் பார்த்துச் சிரிப்பான். அவன் அக்காவைப் பெண் பார்க்க வரும் நாளில் மட்டும் அவனைக் கொல்லைப்புறத்து அறையில் வைத்துத் தாழிட்டுவிடுவர். உள்ளிருந்து கதவைத் தட்டும் ஓசையை மறைப்பதற்காகவே முன்கட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவர். அன்று எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நான்கிங் நகரில் இருந்த ஆண்டுகளில் பேர்ல் மகளுக்குத் தாமே கற்பிக்க முனைந்தார். எழுத்துகளைப் பிரித்தறிய, எளிய சொற்களைப் படிக்க, எழுதுகோல் பிடிக்கப் பொறுமையாகப் பழக்கினார். குழந்தை சிறிது சிறிதாக முன்னேறுவதுபோலவே தோன்றியது. ஒருநாள் எழுதப் பழக்கும்போது கேரலின் கையைத் தம் கையில் பற்றினார். அந்தச் சின்னஞ்சிறு கை வியர்வையில் நனைந்திருந்தது. மற்றொரு கையை விரித்துப் பார்த்தார், அதுவும் நனைந்திருந்தது. தனக்கு விளங்காத ஏதோ ஒன்றைத் தாயின் முகமலர்ச்சிக்காக மட்டுமே குழந்தை உயிரைக் கொடுத்துச் செய்துகொண்டிருக்கிறது என்பது அப்போது அவருக்கு உறைத்தது. அவள் கற்கவில்லை, அஞ்சிக்கொண்டிருந்தாள். புத்தகங்களை மூடி எடுத்து வைத்தார். மீண்டும் அவற்றைத் திறக்கவில்லை. அந்நாள் முதல் மகள் என்ன ஆகவேண்டும் என்று எண்ணுவதை விடுத்து, அவள் எதில் மகிழ்கிறாள் என்று பார்க்கலானார்.

ஆசிரியத் தொழிலில் இருப்போர் இந்நிகழ்ச்சியை எளிதில் கடந்துவிட முடியாது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை கைகளின் வியர்வையை நான் பார்க்காமல் விட்டிருப்பேன் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான்கிங் நகருக்குள் படைகள் புகுந்து வெளிநாட்டவரைத் தாக்கின. ஏழைச் சீனப் பெண் ஒருத்தி தன் குடிசையில் இக்குடும்பத்தை ஒளித்து வைத்துக் காத்தாள். அவ்விருட்டறையில் ஓசையின்றி இருக்கவேண்டும் என்பதைக் கேரலுக்கு விளக்க இயலாது. அந்த அச்சமும் உயிரச்சத்தோடு சேர்ந்தது. உயிர் பிழைத்து ஜப்பானில் சில காலம் தங்கி மீண்டனர். தாம் இல்லாமற் போனால் இவள் கதி என்ன என்னும் கேள்வி அதன்பின் பேர்லை விடவில்லை. வாங் லுங்கின் கேள்வி அவருடையதே.

1929இல் மகளுடன் அமெரிக்கா சென்று காப்பகம் காப்பகமாகத் தேடினார். ஓரிடத்தில் குழந்தைகள் சாக்குத் துணி போன்ற உடையில் தரையில் மந்தைபோல் கிடந்ததைக் கண்டு நடுங்கித் திரும்பினார். இறுதியில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தார். அதன் தலைவர் ஜான்ஸ்டன் என்பவர். குழந்தை முதலில் மகிழ்ச்சியாக இருக்கவேண்டும், மற்றவை தாமே தொடரும் என்பது அவர் கொள்கை. அதற்குரிய கட்டணத்திற்குப் பேர்ல் கடன் வாங்கினார். ஒன்பது வயது மகளை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிய நாளைத் தம் வாழ்வின் மிகக் கொடிய நாள்களுள் ஒன்றாகக் கருதினார்.

சீனாவுக்குத் திரும்பி, மகளின் குரல் இல்லாத வீட்டில் அமர்ந்து எழுதினார். 'கீழைக் காற்று மேலைக் காற்று' என்னும் முதல் புதினம் 1930இல் வெளிவந்தது. சில மாதங்களில் எழுதி முடித்த 'நல்ல நிலம்' 1931இல் வந்து, மறு ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றது. கலை வேட்கை ஒருபுறம் இருந்திருக்கலாம். ஆனால் மகளின் வாழ்நாள் முழுமைக்கும் பொருள் சேர்த்தாகவேண்டும் என்னும் நெருக்கடியே அவரை அவ்வளவு விரைந்து எழுதச் செய்தது. நூல் ஈட்டிய பொருளிலிருந்து கேரலும் அவள் போன்ற சிறுமியரும் வாழப் பள்ளி வளாகத்தில் ஒரு வீடு எழுந்தது. 1935இல் லாசிங் பக்குடன் மணமுறிவு பெற்றுத் தம் பதிப்பாளர் ரிச்சர்டு வால்சை மணந்தார். 1938இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. உலகமெங்கும் அவர் படம் அச்சேறிய அந்நாளிலும் கேரலைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

ஏன் மறைத்தார் என்பதற்கு அக்காலச் சூழலை அறிதல் வேண்டும். அதே வைன்லாந்து பள்ளியில் 1918 வரை ஆய்வுத் தலைவராக இருந்தவர் ஹென்றி காடர்டு. மனவளர்ச்சிக் குறைவு என்பது கெட்ட குருதி வழி தலைமுறை தலைமுறையாக இறங்குவது என்று ஒரு குடும்ப வரலாற்றை ஆதாரமாக்கி 1912இல் நூல் எழுதியவர். அந்நூலின் முடிவுகள் பிழையானவை என்று பின்னர் தள்ளப்பட்டன. ஆனால் அதற்குள் அது செய்யவேண்டிய தீங்கைச் செய்துவிட்டது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இத்தகையோர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டங்கள் நடப்பில் இருந்தன. அத்தகைய நாட்டில் ஒரு தாய் தன் குழந்தையைப் பற்றி வாய் திறப்பது தன் குலத்தையே கூண்டில் ஏற்றுவதாகும்.

கேரலுக்கு 14 வயதானபோது, அவளைப் பற்றி ஏதும் அறியாத நார்வே நாட்டு ஓஸ்லோ நகரில் அவள் நோய்க்குரிய விடை கிடைத்தது. எகலாண்ட் என்னும் குடும்பத்துத் தாயொருத்தி, இயல்பாகப் பிறந்து பின் அறிவு மங்கிய தன் குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவர் பலரை அணுகியிருந்தாள். குழந்தைகள் மேல் வீசும் விந்தையான வாடைக்குக் காரணம் என்ன என்று விடாது கேட்டவள் அவள். இறுதியாக அவள் சென்றது ஆஸ்பியார்ன் ஃபெல்லிங் என்பவரிடம். அவர் வேதியியலும் கற்ற மருத்துவர். குழந்தைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைடு சேர்த்தபோது அது எதிர்பாராத கரும்பச்சை நிறம் காட்டியது. 22 லிட்டர் சிறுநீரைப் பகுத்தாய்ந்து அதில் இருந்த பொருள் பினைல்பைருவிக் அமிலம் எனக் கண்டார். பின்னர்க் காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதித்து மேலும் எட்டுப் பேரிடம் அதே நிறத்தைப் பார்த்தார். 1934இல் அவர் வெளியிட்ட இந்நோய் இன்று பினைல்கீட்டோனூரியா எனப்படுகிறது. கேரலுக்கு இருந்தது இதுவே.

நாம் உண்ணும் புரதத்தில் பினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் உண்டு. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை டைரோசின் என்னும் வேறொன்றாக மாற்றவேண்டும். அந்நொதியை ஆக்கும் மரபணு பழுதுற்றிருந்தால் பினைல்அலனின் குருதியில் தேங்கும். மூளைக்குள் அமினோ அமிலங்கள் நுழையும் வாயில் பொதுவானது. இது ஒன்றே கூட்டமாக அடைத்துக்கொண்டால் மற்றவை வெளியே நின்றுவிடும். நரம்புச் செய்திகளைக் கொண்டுசெல்லும் டோப்பமின், செரட்டோனின் ஆகியன குன்றும். நரம்பிழைகளைப் போர்த்தும் உறையும் சரிவர உருவாவதில்லை. ஆகவேதான் பேச்சின்மையும் அலைச்சலும் கவனம் நில்லாமையும், சிலரிடத்தில் தலையை முட்டிக்கொள்ளுதலும் வலிப்பும் தோன்றுகின்றன. வெளிறிய முடியும் தோற்புண்ணும் வாடையும் அதே பழுதின் வேறு முகங்கள். குழந்தை பிறக்கும்போது மூளையில் குறையில்லை என்பதுதான் இதில் நெஞ்சைச் சுடும் செய்தி. தாய்ப்பாலாயினும் பசும்பாலாயினும், அன்போடு ஊட்டிய ஒவ்வொரு வேளை உணவுமே மூளையைத் தாக்கியிருக்கிறது. பிடிவாதம் என்றும் அடம் என்றும் நாம் பெயரிடும் நடத்தைக்குப் பின்னால் ஒரு வேதிப்பொருள் இருக்கக்கூடும் என்பதை இந்நோய் காட்டியது.

ஆனால் ஃபெல்லிங் கண்டது காரணத்தை மட்டுமே. தீர்வு வேறொரு தாயின் விடாப்பிடியால் வந்தது. 1951இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில், இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தாய், நோயின் பெயரைச் சொன்னால் போதாது, மருந்து என்ன என்று கேட்டு ஆய்வுக்கூட வாயிலில் நாள்தோறும் காத்து நின்றாள். ஹோர்ஸ்ட் பிக்கல் என்னும் மருத்துவர் தம் துணைவருடன், பால் புரதத்தைப் பிரித்துக் கரியின் ஊடே வடிகட்டிப் பினைல்அலனினை நீக்கிய உணவொன்றை ஆக்கினார். ஓயாமல் அழுது தலையை முட்டிக்கொண்டிருந்த குழந்தை சில மாதங்களில் அமைதியுற்றாள், தவழ்ந்தாள், நாற்காலியைப் பற்றி எழுந்து நின்றாள், முடியின் நிறம் கறுத்தது. ஆயினும் இழந்த காலம் முழுமையாக மீளவில்லை. பிறந்த சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் மூளையைக் காக்கலாம் என்பது தெளிவாயிற்று. அவ்வளவு விரைவில் கண்டறிவது எப்படி? அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் கத்ரி என்பவர், குதிகாலில் எடுத்த துளிக் குருதியை வடிதாளில் ஒற்றிச் சோதிக்கும் எளிய முறையை 1960களின் தொடக்கத்தில் வகுத்தார். அவர் மகனும் மனவளர்ச்சி குன்றியவன். அவர் மைத்துனி மகளுக்கோ இதே நோய். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கியது.

இவற்றுக்கு முன்பே, 1950இல், பேர்ல் பக் தம் மௌனத்தைக் கலைத்தார். 'வளராத குழந்தை' என்னும் அவருடைய கட்டுரை 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் வெளிவந்து அதே ஆண்டில் சிறு நூலாகவும் ஆயிற்று. மருத்துவர்களிடம் அலைந்தது, சாங்காய்த் தெருவில் கேட்டது, வியர்த்த கை, காப்பக வாயிலில் பிரிந்தது என ஒன்றையும் ஒளிக்காமல் எழுதினார். பெற்றோர் பலர் அவருக்கு எழுதினர். தம் வீட்டிலும் அப்படியொரு குழந்தை உண்டு என்று முதன்முறையாக ஒருவரிடம் சொல்லும் கடிதங்கள் அவை. 1962இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் குடும்பமே தம் வீட்டுப் பெண் ரோஸ்மேரியைப் பற்றி வெளிப்படையாக எழுதியது. அந்த வாயிலைத் திறந்து வைத்தவர்களுள் பேர்ல் பக் முதன்மையானவர் எனல் மிகையாகாது.

அவர் மேல் குறை கூறுவோரும் உண்டு. அனாதைக் குழந்தைகள் பலரைத் தத்தெடுத்து வளர்த்தவர், கலப்பினக் குழந்தைகளுக்காக 1949இல் 'வெல்கம் ஹவுஸ்' என்னும் தத்து நிறுவனத்தைத் தொடங்கியவர், தாம் பெற்ற ஒரே மகளை மட்டும் பிறர் கையில் ஒப்படைத்ததேன் என்று கேட்பர். இக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைய நோக்கில், இத்தகைய குழந்தை தன் வீட்டில், தன் தெருவில், மற்றக் குழந்தைகளோடு வளர்வதே நன்று. ஆனால் 1929இல் அவளை ஏற்கும் பள்ளி இல்லை. வழிகாட்டும் மருத்துவர் இல்லை. வாழ்ந்த நாட்டிலோ போர். இன்னொன்றும் எண்ணிப் பார்க்கவேண்டும். கொல்லைப்புறத்து அறையில் தாழிட்டு வைப்பதும் வீட்டில் வைத்து வளர்ப்பதுதான் என்று எங்கள் தெரு சொல்லிக்கொண்டது.

வைன்லாந்தில் கேரல் தன் வேலைகள் சிலவற்றைத் தானே செய்யப் பழகினாள். அவள் மிக விரும்பியது இசை. இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டே நெடுநேரம் அமர்ந்திருப்பாள்; உயர்ந்த இசையையும் மலிந்த பாட்டையும் அவளால் வேறு பிரிக்க முடிந்தது என்று தாய் வியந்திருக்கிறார். எழுத்தறியாத மனத்திற்குள் இத்தகைய நுண்மை எங்கிருந்து வந்தது? அறிவு வளர்ச்சியை ஒரே அளவுகோலால் அளப்பது பிழை என்பதை அதே பள்ளியில் எட்கர் டால் என்னும் உளவியலாரும் உணர்ந்தார். கணக்கும் சொல்லும் அல்லாமல், உண்ணல், உடுத்தல், பிறரோடு பழகல் ஆகியவற்றைக் கொண்டு குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடும் அளவை ஒன்றை 1935இல் அமைத்தார். வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவை என்னும் அதன் இந்தியத் தழுவல் நம் நாட்டு மருத்துவமனைகளிலும் வழக்கில் உள்ளது. அப்படிவத்தை நிரப்பும் நம் ஊர்த் தாய்மார்க்கு அவ்வூரில் வாழ்ந்த கேரலைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பேர்ல் அம்மையார் இந்திய விடுதலைக்கு ஆதரவாக எழுதியவர். சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணின் 'கைடு' புதினம் 1965இல் ஆங்கிலப் படமானபோது அதற்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. அந்த 1960களில்தான் நடுவயதை எட்டிவிட்ட கேரலின் நோய் பினைல்கீட்டோனூரியா என உறுதியாயிற்று. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுற்ற மரபணு இரண்டு சேர்ந்தாலன்றி இந்நோய் வாராது. இருவரும் நலமாகவே இருப்பர். ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. குற்றம் தாயின் வயிற்றில் என்று காலங்காலமாகச் சொல்லி வந்த வாய்களை இந்தக் கணக்கு அடைக்கவேண்டும். லாசிங் பக்கும் பேர்லும் ஒருவர்க்கொருவர் உறவினர் அல்லர். மேலை நாடுகளில் 10,000 முதல் 15,000 பிறப்புக்கு ஒன்று என்னும் அளவில் காணும் நோய் அவர்கள் வீட்டில் நேர்ந்தது. நம்மிடையே நிலைமை வேறு. மாமன் மகள், அத்தை மகன், சாச்சா மகள் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் ஒரே பழுது இருவரிடத்தும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. உறவு மணம் மிகுந்த துருக்கி நாட்டில் இந்நோய் பன்மடங்கு அதிகம். சொத்துப் பிரியக்கூடாது, பெண் கண்ணெதிரே இருக்கவேண்டும் என்பவற்றை எல்லாம் பேசி முடிக்கும் பெரியவர்கள் இதையும் ஒரு வார்த்தை பேசலாம். குதிகால் குருதிச் சோதனையும் இந்தியாவில் நாடு முழுவதும் எல்லாக் குழந்தைக்கும் கட்டாயம் என்னும் நிலையை இன்னும் எட்டவில்லை. சோதனை நடக்கும் நாடுகளில், பிறந்தவுடன் கண்டறியப்பட்டு உரிய உணவில் வளரும் குழந்தைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்கின்றனர். உணவுக் கட்டுப்பாடு தளர்ந்தால் கவனமும் திட்டமிடும் திறனும் தடுமாறும் என்பதால் வாழ்நாள் முழுதும் அதைத் தொடரவேண்டும், அவ்வளவே.

1972இல் தாம் வளர்ந்த சீனாவை ஒருமுறை காண விரும்பிய பேர்லுக்கு அந்நாட்டரசு அனுமதி மறுத்தது. 1973ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்து டான்பி என்னும் ஊரில் 80ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு சனவரியில்தான் ஃபெல்லிங்கும் மறைந்திருந்தார். பென்சில்வேனியாவில் உள்ள தம் பண்ணையில், முத்து என்று பொருள்படும் சீனப் பெயர் மட்டும் பொறித்த கல்லின் கீழ் பேர்ல் அடக்கமானார்.

கேரல் தாய்க்குப் பின் மேலும் 19 ஆண்டுகள் வாழ்ந்தார். 1992இல் வைன்லாந்தில் மறைந்தபோது அவருக்கு வயது 72. அவற்றுள் 63 ஆண்டுகள் அங்கே கழிந்தன.